மாடு கொடுத்த தழும்பு

ஐம்பதைத் தாண்டியவர்கள் சட்டைக் கையைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பாருங்கள். காலணா அளவுக்கு, ஓரம் சுருங்கி நடுவில் பள்ளம் விழுந்த வட்டத் தழும்பு இருக்கும். சிலருக்கு ஒன்று, பலருக்கு இரண்டு. அம்மை குத்திய தழும்பு. நம் பிள்ளைகளுக்கு அது கிடையாது. பேரன் பேத்திகள் தொட்டுப் பார்த்து, "இது என்ன தாத்தா, சுட்டுக்கிட்டீங்களா?" என்று கேட்கிறார்கள்.

மாட்டின் தோல் நோய் ஒன்றிலிருந்து தொடங்கிய வரலாறு அது என்று சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கால்நடைப் பராமரிப்புத் துறையில் முப்பத்து நான்கு வருடம் சம்பளம் வாங்கியவன் என்ற முறையில், அந்தக் கதையை எழுதி வைக்கும் கடமை எனக்கு உண்டு. பதிவு கொஞ்சம் நீளம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாவகாசமாகப் படியுங்கள்.

மாட்டுக்குத் தோலில் வரும் நோய்கள் பல. உண்ணி, பேன், சொறி, படர்தாமரை, மரு என்று நாட்டு வைத்தியர்களுக்கே ஒரு நீண்ட பட்டியல் தெரியும். வேப்பெண்ணெயும் புகையிலைத் தண்ணீரும் அவற்றில் பாதியைச் சமாளித்தன. மனிதனின் வரலாற்றையே திருப்பிவிட்டது அந்தப் பட்டியலில் உள்ள ஒன்றுதான். மடியிலும் காம்பிலும் கொப்புளமாகக் கிளம்பும் மாட்டம்மை.

பால்காரிகளின் கை

பெரியம்மை என்ன செய்யும் என்று நம் தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை. பத்துப் பேருக்கு வந்தால் ஏறக்குறைய மூன்று பேரைக் கொண்டுபோகும். பிழைத்தவர்களில் சிலருக்குக் கண் போகும், முகம் முழுக்க வடு நிற்கும். ஊருக்கு ஒருவராவது அப்படி இருந்தார்கள்.

அதைத் தடுக்கப் பழங்காலத்திலிருந்தே ஒரு வழி இருந்தது. லேசாக அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து சீழை எடுத்து, நோய் வராதவரின் கையில் கீறி வைப்பது. வங்காளத்தில் இதைத் தொழிலாகவே செய்தவர்களுக்கு டிக்காதார் என்று பெயர். துருக்கியில் இந்த முறையைப் பார்த்த மேரி மாண்டேகு என்ற ஆங்கிலேயத் தூதர் மனைவி, 1721-ல் இங்கிலாந்தில் தன் மகளுக்கும் செய்வித்தார். ஆனால் அது நிஜமான பெரியம்மை விதை. பெரும்பாலானவர்கள் தப்பினார்கள், சிலர் செத்தார்கள். தப்பியவர்களிடமிருந்து மற்றவர்களுக்குத் தொற்றவும் செய்தது.

இதற்கிடையே இங்கிலாந்துக் கிராமங்களில் ஒரு பேச்சு வெகுநாளாக இருந்தது. மாட்டம்மை வந்த மாட்டில் பால் கறப்பவர்களுக்குக் கையில் நாலைந்து கொப்புளம் வரும், ஒரு வாரம் காய்ச்சல் அடிக்கும், ஆறிவிடும். அதற்குப் பிறகு ஊரே பெரியம்மையில் கிடந்தாலும் அவர்களுக்கு வராது. படித்தவர்கள் இதைப் பால்காரிகளின் கதை என்று ஒதுக்கினார்கள்.

முதலில் துணிந்தவர் டாக்டர் அல்ல, ஒரு விவசாயி. டார்செட் பகுதியைச் சேர்ந்த பெஞ்சமின் ஜெஸ்டி. 1774-ல் சுற்று வட்டாரத்தில் பெரியம்மை பரவியபோது, மாட்டம்மை கண்ட ஒரு மாட்டின் மடியிலிருந்து நீரை எடுத்து, துணி தைக்கும் ஊசியால் மனைவிக்கும் இரண்டு மகன்களுக்கும் குத்திவிட்டார். மனைவிக்குக் கை வீங்கிக் கடும் காய்ச்சல் வந்தது, பிழைத்துக்கொண்டார். ஊரார் ஜெஸ்டியைத் தூற்றினார்கள், கல்லெறிந்தார்கள் என்றுகூடச் சொல்வதுண்டு. மிருகத்தின் சீழை மனுஷ உடம்பில் ஏற்றினால் கொம்பு முளைக்காதா என்று கேட்டார்களாம். அந்தப் பிள்ளைகளுக்குப் பெரியம்மை வரவே இல்லை.

இருபத்திரண்டு வருடம் கழித்து, பெர்க்லி என்ற சிற்றூரின் டாக்டர் எட்வர்ட் ஜென்னர் அதையே முறைப்படி செய்தார். 1796 மே 14. சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரியின் கையில் மாட்டம்மைக் கொப்புளம். அவளுக்கு அதைக் கொடுத்த மாட்டின் பெயர் பிளாசம். கொப்புளத்து நீரை எடுத்து, ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுப் பையனின் கையில் கீறி வைத்தார். லேசான காய்ச்சலோடு பையன் தேறினான். ஜூலை முதல் தேதி அதே பையனுக்கு நிஜமான பெரியம்மைச் சீழை ஏற்றிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

இன்றைக்கு இப்படிச் சோதனை செய்தால் ஜெயில்தான். அந்தப் பையன் தோட்டக்காரர் மகன். ஜென்னரைப் புகழும்போது இதையும் நினைத்துக்கொள்வது நியாயம்.

லண்டன் ராயல் சொசைட்டி அவருடைய கட்டுரையை ஏற்கவில்லை. 1798-ல் சொந்தமாகவே புத்தகம் போட்டார். பசுவுக்கு லத்தீனில் 'வாக்கா'. அதிலிருந்துதான் 'வேக்சின்' வந்தது. பிற்பாடு லூயி பாஸ்டர், ஜென்னருக்கு மரியாதை செய்வதற்காக எல்லாத் தடுப்பூசிகளுக்குமே அந்தப் பெயரை வைக்கச் சொன்னார். ஆக, ஒவ்வொரு முறை வேக்சின் என்று சொல்லும்போதும் நாம் மாட்டின் பெயரைத்தான் சொல்கிறோம். பிளாசத்தின் தோலை இன்றும் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

ஒரு குழந்தையின் கையிலிருந்து

அடுத்த பிரச்சினை போக்குவரத்து. ஐஸ் பெட்டி இல்லாத காலம். அம்மைப்பாலை நூலில் நனைத்து உலர்த்தினார்கள், இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு இடையில் வைத்து மெழுகால் மூடினார்கள். வெயில் பட்டால் வீரியம் போய்விடும். ஸ்பெயின் அரசாங்கம் 1803-ல் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பிய கப்பலில் இருபத்திரண்டு அனாதைச் சிறுவர்களை ஏற்றியது. வாரம் இரண்டு பையன்களுக்குக் குத்துவது, அவர்கள் கொப்புளத்திலிருந்து அடுத்த இருவருக்கு. பையன்களின் உடம்பே குப்பியாக இருந்து கடல் தாண்டியது.

இந்தியாவுக்கு அது தரை வழியாக வந்தது. வியன்னாவிலிருந்து துருக்கி, பாக்தாத், பஸ்ரா, அங்கிருந்து கப்பலில் பம்பாய். 1802 ஜூன் 14-ம் தேதி பம்பாயில் பல குழந்தைகளுக்குக் குத்தியதில் ஒரே ஒரு குழந்தைக்குத்தான் 'எடுத்தது'. மூன்று வயதுச் சிறுமி, பெயர் அன்னா டஸ்ட்ஹால். அவள் கையிலிருந்து எடுத்ததுதான் கைமாறிக் கைமாறிப் புனே, ஹைதராபாத், இலங்கை, சென்னை என்று போனது. அதே வருடம் நவம்பரில் சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தச் சிறுமிக்கு எத்தனை சிலை வைத்தாலும் தகும். இன்றைக்கு அவள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் ஜனங்கள் ஓடிவந்து கையை நீட்டினார்களா என்றால் இல்லை. காரணங்களும் இருந்தன. அம்மை என்பது நமக்கு நோய் மட்டும் அல்ல, ஆத்தா வந்து இறங்குவது. வாசலில் வேப்பிலை, வீட்டில் தாளிப்பு கிடையாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை ஒழுங்கு. நோயாளியைத் தனிமைப்படுத்த அதைவிட நல்ல ஏற்பாடு அன்றைக்கு இல்லை. அதற்கு நடுவில் வெள்ளைக்காரன் ஆள் ஒருவன் கத்தியோடு வந்து, யாரோ ஒரு பிள்ளையின் கொப்புளத்து நீரைத் தன் பிள்ளை கையில் கீறுகிறேன் என்றால் எந்தத் தாய் சம்மதிப்பாள்? தன் பிள்ளை கையிலிருந்து மற்றவர்களுக்கு எடுப்பதையும் தாய்மார்கள் விரும்பவில்லை. கைக்குக் கை மாற்றியபோது வேறு நோய்களும் கூடவே போனது உண்மை. 1861-ல் இத்தாலியில் ரிவால்ட்டா என்ற ஊரில் இப்படித்தான் பல குழந்தைகளுக்கு மேகநோய் தொற்றியது. பயந்தவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

ஜனங்களை வசப்படுத்தச் சில வேடிக்கைகளும் நடந்தன. 1819-ல் சென்னைப் பத்திரிகை ஒன்றில் ஒரு கடிதம் வந்தது. பசு மடிக் கொப்புளத்திலிருந்து நீர் எடுத்துத் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் குத்தும் முறையைத் தன்வந்திரியே சம்ஸ்கிருதத்தில் சொல்லியிருக்கிறார் என்று அதில் செய்தி. பிற்கால ஆய்வாளர்கள் தேடிப் பார்த்ததில் அப்படி ஒரு பழைய நூலே கிடைக்கவில்லை. தடுப்பூசியை ஏற்க வைப்பதற்காக யாரோ செய்த கைங்கரியம் என்பதுதான் அவர்கள் முடிவு. இன்றும் அந்தச் சுலோகம் புதிய கண்டுபிடிப்பு போல என் கைபேசிக்கு வந்துகொண்டிருக்கிறது.

தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் 1805 வாக்கில் வரைந்த மைசூர் அரச குடும்பப் பெண்களின் ஓவியம் ஒன்று உண்டு. இளம் ராணி புடவைத் தலைப்பை விலக்கிக் கையைக் காட்டும் இடம், அம்மை குத்திய இடம்தான் என்று வரலாற்றாய்வாளர் சிலர் கருதுகிறார்கள். அரண்மனையே குத்திக்கொண்டது என்று காட்டினால் குடிகள் நம்புவார்கள் என்பது அந்த ஓவியத்தின் நோக்கம் என்கிறார்கள்.

கிண்டியில் கன்றுக்குட்டி

கைக்குக் கை மாற்றுவதை நிறுத்த ஒரே வழி, மறுபடியும் மாட்டிடமே போவது. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தில் அந்த வழியை முதலில் கண்டார்கள். கன்றுக்குட்டியின் வயிற்றுப் பக்கம் ரோமத்தை மழித்து, கழுவி, மேல்தோலைக் கோடு கோடாகக் கீறி அம்மைப்பாலைத் தடவுவது. ஐந்தாறு நாளில் கோடு முழுக்கக் கொப்புளம் எழும். அதைச் சுரண்டி எடுத்து அரைத்துச் சுத்தப்படுத்தினால் ஒரு கன்றிலிருந்தே ஏராளமானவர்களுக்குப் போடலாம். நம் நாட்டில் பசுங்கன்றோடு எருமைக் கன்றையும் இதற்குப் பயன்படுத்தினார்கள்.

சென்னை மாகாணத்தில் இந்த வேலைக்குப் பெயர் எடுத்தவர் சுகாதார ஆணையராக இருந்த கர்னல் கிங். நம் வெயிலில் அம்மைப்பால் கெடாமல் இருக்க, ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் என்ற கொழுப்பில் குழைத்துப் பார்த்தார். மாட்டுத் தோலில் விளைந்த மருந்து, ஆட்டு ரோமக் கொழுப்பில் பத்திரமாக ஊர் ஊராகப் போனது. 1899-ல் கிண்டியில் தொடங்கி அவர் பெயரைத் தாங்கிய கிங் இன்ஸ்டிட்யூட்டின் ஆதி வேலையே இந்த அம்மைப்பால் தயாரிப்புதான். கொரோனா நேரத்தில் டெலிவிஷனில் அந்தப் பெயரை அடிக்கடி கேட்டிருப்பீர்கள்.

அம்மை குத்துபவர் ஊருக்குள் வந்த நாளை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். தகவல் அவருக்கு முன்னால் வந்துவிடும். பையன்கள் சோளத்தட்டுப் போருக்குள் ஒளிவார்கள். எங்கள் அப்பாரு ஒருவர்தான் பேரன்களைக் காதைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்துவார். அவருடைய தம்பிகள் இருவர் ஒரே வாரத்தில் பெரியம்மையில் போனவர்கள். அந்தத் திருகு ஊசி ஞாபகம் இருக்கிறதா? நுனியில் முள் முள்ளாக ஒரு சிறு வட்டத் தகடு. கையில் வைத்து ஒரு திருகு திருகினால் உயிர் போகும். நம் தழும்புகள் வட்டமாக இருப்பதற்கு அந்தக் கருவியும் ஒரு காரணம். கவட்டை போல இரண்டு முனை வைத்த ஊசி பிற்பாடு, அறுபதுகளின் கடைசியில்தான் வந்தது. அதற்குள் நம் முறை முடிந்துவிட்டது.

மிச்சம் எல்லாருக்கும் தெரிந்த கதை. 1962-ல் தேசிய ஒழிப்புத் திட்டம். 1974-ல் வட இந்தியாவில் கடைசி ஆட்டம்: நாடு முழுவதும் ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேருக்கு மேல் கண்டு, சுமார் 31,000 பேர் இறந்தார்கள். தென் மாநிலங்களில் அதற்குள் நோய் அடங்கியிருந்தது. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் முடிந்தது. 1977 அக்டோபரில் சோமாலியாவில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையற்காரருக்கு வந்ததுதான் உலகில் இயற்கையாக வந்த கடைசிப் பெரியம்மை. அவர் பிழைத்துக்கொண்டார். 1980 மே மாதம் உலக சுகாதார சபை ஒழிந்தது என்று அறிவித்தது.

இதில் ஒரு திருப்பம் உண்டு. குப்பிக்குள் இருந்தது மாட்டம்மைக் கிருமியே அல்ல, அதன் நெருங்கிய சொந்தம் என்று 1939-ல் தெரிந்தது. அதற்கு வேக்சினியா என்று பெயர். 1902-ல் அமெரிக்காவில் தயாரான ஒரு தடுப்பூசியை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டபோது, அது குதிரை அம்மைக்கு மிகவும் கிட்டத்தில் இருந்தது. மாட்டுக்கே இது குதிரையிடமிருந்துதான் வருகிறது என்று ஜென்னர் எழுதியிருந்தார். பலரும் அன்று அதைக் கேலி செய்தார்கள். மாட்டம்மையின் சொந்த வீடு எலியினம் என்பது இன்றைய அறிவு. மாடும் நம்மைப் போல வழியில் மாட்டிக்கொண்டதுதான்.

மாட்டின் முறை

மனிதனுக்குப் பெரியம்மை போய்விட்டது. மாட்டுக்கு?

1929-ல் ஆப்பிரிக்காவில், இன்று ஜாம்பியா என்று சொல்லும் வடக்கு ரொடீசியாவில், மாடுகளின் உடம்பு முழுக்கக் கட்டி கட்டியாகக் கிளம்பியது. பூச்சிக்கடி, விஷச்செடி என்று முதலில் நினைத்தார்கள். 1944-ல் தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைந்தபோதுதான் அதன் உண்மையான முகம் தெரிந்தது. ஐந்து வருடத்தில் சுமார் எண்பது லட்சம் மாடுகளைத் தாக்கியது. அம்மைக் குடும்பத்து வைரஸ் என்று பிறகு கண்டுகொண்டார்கள். பெரியம்மைக்கும் மாட்டம்மைக்கும் தூரத்துச் சொந்தம். நெருங்கிய சொந்தம் ஆட்டு அம்மைகள்: செம்மறி அம்மையும் வெள்ளாட்டு அம்மையும். மனிதனுக்கு இது வராது.

இதைத்தான் நாம் இப்போது தோல் கழலை நோய் என்கிறோம். கிராமத்தில் 'மாட்டுக்கு அம்மை போட்டிருக்கு' என்று சொல்வார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். கடும் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர், தோலுக்கடியில் அரை அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை கெட்டியான கட்டிகள், கால் வீக்கம், பால் அடியோடு குறைவு, சினை மாடானால் கருச்சிதைவு. கட்டி அழுகி விழுந்த இடத்தில் குழி. தோலும் பதனிடத் தேறாது. கடிக்கும் ஈயும் கொசுவும் உண்ணியும் பரப்பும். கலப்பின மாடுகளுக்கும் கன்றுகளுக்கும் கடுமை அதிகம்.

அறுபது வருடம் ஆப்பிரிக்காவுக்குள்ளேயே சுற்றியது. 1988-ல் எகிப்து, 1989-ல் இஸ்ரேல், 2013-ல் துருக்கி, 2015-ல் கிரீஸ். 2016-ல் பால்கன் நாடுகள் மாடுகளுக்கு மொத்தமாகத் தடுப்பூசி போட்டு அடக்கின. 2019 ஜூலையில் வங்கதேசம், அடுத்த மாதம் நம் ஒடிசா. மறு வருடம் தமிழ்நாடு. 2022-ல் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் அது ஆடிய ஆட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். சாலை ஓரமெல்லாம் செத்த மாடுகள் கிடந்த படங்கள் வந்தன. அந்த ஒரே வருடத்தில் நாடு முழுவதும் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான மாடுகள் செத்ததாக அரசாங்கக் கணக்கு.

நோய் வந்தபோது அதற்கென்று தனி ஊசி இந்தியாவில் இல்லை. இருந்தது வெள்ளாட்டு அம்மைக்கான ஊசி. இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. அதையே மாட்டுக்கும் போடலாம் என்று அரசாங்கம் முடிவு செய்தது. இது கண்மூடிச் செய்த காரியம் அல்ல. கென்யாவிலும் எகிப்திலும் செம்மறி அம்மை ஊசியை வைத்து ஏற்கெனவே மாடுகளைக் காப்பாற்றியிருந்தார்கள்.

எங்கள் ஊரில் முகாம் போட்டபோது நான் ஓய்வு பெற்று வெகுநாள் ஆகியிருந்தது. ஆனாலும் பழக்கத்தில் போய் நின்றேன். பக்கத்துத் தோட்டத்து அம்மிணி ஒருத்தி, கைம்பெண், ஒரே ஒரு கலப்பினப் பசு. சொசைட்டிக்கு ஊற்றும் பாலில்தான் வீட்டுச் செலவும் மகளின் காலேஜ் பஸ் காசும். மாட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்காமல் தள்ளி நின்றாள்.

"ஏனம்மிணி, அங்கயே நிக்கறே?"

"ஏனுங்ணா, ஆட்டுக்குப் போடற ஊசிங்களாமா. அதப் போயி மாட்டுக்குப் போட்டா ஆவுமுங்களா? காச்ச வந்து பாலு கொறஞ்சு போவும்ங்கறாங்க."

ஜெஸ்டியின் ஊரார் கேட்ட அதே கேள்வி, இருநூற்றைம்பது வருடம் கழித்து எங்கள் ஊர் வேப்பமரத்தடியில். கைத் தழும்பைக் காட்டினேன்.

"இதென்ன தெரியுமா? உங்கொப்பனுக்கும் இருந்திருக்கும். மாட்டோட அம்மைய வெச்சுத்தான் மனுசனுக்குக் குத்துனாங்க. மனுசன் பொழச்சான். இப்ப ஆட்டோட அம்மைய வெச்சு மாட்டுக்குக் குத்தறாங்க. ரெண்டு நாளைக்குப் பாலு கொறையும். மாடு இருந்தாத்தான பாலு?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு மாட்டைக் கொண்டுவந்து நிறுத்தினாள். பசுவுக்குப் போட்டார்கள். கன்றுக்கு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நாலு மாதம் ஆகாமல் போடுவதில்லை என்பதால் அதற்குப் போடவில்லை.

ஐந்து வாரம் கழித்து நோய் ஊருக்குள் வந்தது. அவள் பசுவுக்கு ஒன்றும் வரவில்லை. கன்றுக்கு வந்தது. வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் அரைத்துக் கொடுத்தாள். குப்பைமேனி, வேப்பிலை, மஞ்சள், பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சிப் புண்ணுக்குத் தடவினாள். டாக்டர் வந்து காய்ச்சலுக்கும் சீழ் பிடிக்காமல் இருக்கவும் ஊசி போட்டார். கட்டி தொண்டைக்குள்ளும் வந்துவிட்டதால் பால் இறங்கவில்லை. எட்டாம் நாள் கன்று போய்விட்டது. தோட்டத்து மூலையில் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். பசு இரண்டு நாள் கத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பசு இப்போதும் கறக்கிறது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், ஊசி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வதும் பொய், ஊசியே வேண்டாம் என்பதும் பொய். ஊசிக்குள் எது இருக்கிறது, யாருக்குப் போடலாம், எப்போது போடலாம் என்று கேட்பது தப்பே இல்லை. அந்த அம்மிணி கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஆள் இல்லாமல் போவதுதான் ஆபத்து.

இன்னும் சில விஷயங்கள்

2022 ஆகஸ்ட் 10-ம் தேதி, இந்த நோய்க்கென்றே தயாரித்த லம்பி புரோவாக்-இண்ட் என்ற ஊசியை வெளியிட்டார்கள். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரைகள் ஆராய்ச்சி மையமும் இஜத்நகர் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செய்தது. 2019-ல் ராஞ்சி மாடுகளிடமிருந்து எடுத்த வைரஸைப் பலமுறை வளர்த்து வீரியம் குறைத்தது. குதிரை ஆராய்ச்சி மையம் மாட்டு அம்மைக்கு ஊசி கண்டது என்பதைக் கேட்டால் ஜென்னர் சந்தோஷப்பட்டிருப்பார்.

இரண்டாவது, எருமை அம்மை. 1934-ல் லாகூரில் முதலில் பதிவானது. எருமையின் மடியிலும் காம்பிலும் கொப்புளம் வரும், கறப்பவர் கையிலும் வரும். பார்த்தால் சாரா நெல்ம்ஸ் கைதான். நம் கையில் குத்திய அதே வேக்சினியாவுக்கு மிகவும் நெருங்கியது இந்த வைரஸ். மனிதனுக்குக் குத்துவதை நிறுத்தி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் எருமைகளிடம் அது உலவிக்கொண்டிருக்கிறது. நம் வயதுக்காரர்களுக்குப் பழைய ஊசியின் பலம் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும். இளையவர்களுக்கு இல்லை. ஆகவே எருமை வைத்திருப்பவர்கள் மடியில் கொப்புளம் கண்டால் அந்த மாட்டைக் கடைசியில் கறக்கட்டும். கறந்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். கையில் கொப்புளம் வந்தால் டாக்டரிடம் காட்டட்டும்.

கழலை நோயைப் பற்றியும் ஊரில் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் நாலு வார்த்தை. நோய் கண்ட மாட்டைச் சந்தைக்கு ஓட்டாதீர்கள். விற்றுத் தலைமுழுகலாம் என்று ஒருவர் நினைத்தால் பத்து ஊருக்குப் போகும். தனியாகக் கட்டுங்கள், சாயங்காலம் வேப்பிலைப் புகை போட்டு ஈயையும் கொசுவையும் விரட்டுங்கள். பாலைக் காய்ச்சிக் குடித்தால் மனிதருக்குப் பயம் இல்லை. நாலு மாதம் நிறைந்த கன்றிலிருந்து எல்லா மாட்டுக்கும் வருடம் ஒருமுறை ஊசி, நோய் ஊருக்குள் வருவதற்கு முன்னால். வந்தபிறகு போட்டால் அது வேலை செய்ய நாள் பிடிக்கும். அதற்குள் ஈ தன் வேலையை முடித்துவிடும்.

எங்கள் பஞ்சாயத்தில் அடுத்த முகாம் எப்போது என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டு வைத்திருக்கிறேன். தேதி சொன்னதும் இங்கே எழுதுகிறேன். பக்கத்து வீட்டில் மாடு வைத்திருப்பவர்கள் இந்த எழுத்தைப் படிக்கமாட்டார்கள். நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும்.